சப்வே மேட்டுக்குப் பீட்ரூட்

ரயில் பாதைக்கு அடியில் போகும் துரைசாமி சப்வே பள்ளத்தில் தங்கவேலின் சரக்கு ட்ரைசைக்கிள் ராஜா மாதிரி இறங்கும். மேற்கு மாம்பலம் பக்கம் ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

இன்று அந்த மேட்டின் உச்சியில் ஜவுளிக்கடை ரகுபதி நின்றிருந்தார். நடுமேட்டில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கினால் நாளையிலிருந்து லோடு ஆட்டோதான் என்று போன வாரமே சொல்லிவிட்டார்.

தங்கவேல் பயப்படவில்லை. வயிற்றில் பீட்ரூட் இருந்தது.

வடை மடித்து வந்த பேப்பரில் பார்த்த சேதி. தங்கவேல் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர்; கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வடை ஆறிப்போனது. பீட்ரூட்டில் நைட்ரேட் என்று ஒன்று இருக்கிறதாம். சாறு குடித்துவிட்டு ஓடினால் சீக்கிரம் களைக்காதாம். எவ்வளவு குடிப்பது என்று போட்டிருந்த இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

பெண்சாதி தாயம்மா தினமும் காலையில் ஒரு டம்ளர் அரைத்து வடிகட்டித் தந்தாள். மண்ணைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. ஆளுயர மூட்டை தூக்கும் வீரர் இரண்டே மடக்கில் தோற்றுப்போனார். மீதியைக் குடத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நழுவிவிடுவார்.

சாயங்காலம் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவளும் கேட்டதில்லை, அவரும் வாயைத் திறந்ததில்லை.

மேடு வந்தது. எழுந்து நின்று மிதித்தார். முதுகுக்குப் பின்னால் மலைபோல் துணி மூட்டைகள்.

வழக்கமாக உயிர் போகும் இடத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டு மடக்குக்கே இப்படியென்றால், முழு டம்ளரும் குடித்திருந்தால் அசோக் பில்லரைத் தாண்டியல்லவா போய் விழுந்திருப்போம்! வழிவிடச் சொல்லி மணிகூட அடித்தார்.

உச்சியில் நாய் மாதிரி இளைத்துக்கொண்டே மீசையைத் தடவினார்.

“இன்னா மொதலாளி, லோடு ஆட்டோவா? ஆட்டோவே எம் பின்னாலதான் வந்துகினு கீது!”

ரகுபதி வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “சரிப்பா, நாளைக்கும் ரெண்டு பேருமே வந்துடுங்க” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ரெண்டு பேரா? தன்னையும் வண்டியையும் சொல்கிறார் போலும். கயிற்றை இறுக்கப் பின்னால் போனார்.

தாயம்மா வண்டியின் பின்பலகையில் கைவைத்தபடி நின்றிருந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள்.

“இன்னாய்யா பாத்துகினு கீற? நேரமாச்சு, ஏறி மிதி.”

அவளுக்குக் கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. பேசும்போது நாக்கு செக்கச்செவேலென்று தெரிந்தது.

பேப்பரில் போட்டது பொய்யில்லை.