செந்தூலில் தெற்கு

பிழைக்க வந்த வெளிநாட்டில், செந்தூலில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைத்தளத்தில் நிற்கும் காத்தமுத்துவுக்குத் தெற்கு எதுவென்று தெரியவில்லை. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே போனின் திசைகாட்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்று காலை சொந்த ஊரான திருமயத்தில் அவருடைய அம்மாவை எரித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பூட்டிவைத்திருக்கும் மேலாளர், "காங்கிரீட் முடியட்டும், அப்புறம் போ" என்றுவிட்டார். தலைமகன் தெற்கு பார்த்து ஒரு விளக்காவது ஏற்ற வேண்டும். நாள் முழுக்க மூடியிருந்த ஜூன் மாத மேகம் எட்டு மணிக்கு விலகுகிறது. "அந்தா, சிலுவை மாதிரி நாலு" என்று சாய்ந்து கிடக்கும் நட்சத்திரங்களைக் காத்தமுத்து காட்டுகிறார். கிரேன் ஓட்டும் உள்ளூர்க்காரர் ஜெகன் தலையை ஆட்டுகிறார். "அது டூப்ளிகேட் லா அண்ணே. உங்க ஏஜென்ட் மாதிரி, நம்பிப் போனா வேற எங்கயோ விட்டுரும். ஒரிஜினலுக்குப் பக்கத்துல ரெண்டு பெரிய நட்சத்திரம் காவல் நிக்கும், பாருங்க." விளக்குக்காக மைலோ டின் மூடியில் ஊற்றிய எண்ணெயைச் சிந்தாமல் ஏந்தியபடி காத்தமுத்து அண்ணாந்து பார்க்கிறார். அந்த இரண்டையும் கண்டுபிடிக்கிறார். அவற்றுக்கு வலப்பக்கம் அசல் சிலுவையான திரிசங்கு நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து அடிவரை உள்ள நீளத்தை, அடியிலிருந்து இன்னும் நாலரை மடங்கு கீழே இறக்கினால், கோடு அடிவானத்தில் முடியும். அந்த இடம்தான் தெற்கு.