ஏரம்பு ஐயாவின் உழவு மெசின்

மாயாண்டி பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று சிரித்தான்.

"ஏ புள்ள, ஒஞ் சத்தத்துக்கு ரெண்டு மொதலாளிமாரு கோர்ட்டுல சண்ட போட்டானுங்க. எனக்காக ஒருத்தனாச்சும் போடுவானா?"

பேச்சியம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தாமலே, கதையை விட்டுவிட்டுப் போய் வயலுக்குத் தண்ணியை மாத்து என்றாள்.

போனான். வரம்பில் புடையன் பாம்பு கிடந்திருக்கிறது.

மறுநாள் காலை முற்றத்தில் பந்தல் போட்டார்கள். கிளிநொச்சியில் கசெற் பதிந்து விற்கும் ரெக்கோடிங் பார் வைத்திருக்கும் செல்வராசா தானே வந்து தென்னையில் லவுட்ஸ்பீக்கரைக் கட்டினார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பெரிய மனம் என்று ஊர் பேசிக்கொண்டது.

கார் பற்றரியில் வயரைக் கொளுவி, கசெற்றைப் போட்டார்.

தென்னை மரத்திலிருந்து பேச்சியம்மா அழத் தொடங்கினாள்.

புருஷனின் தலைமாட்டில் இருந்த பேச்சியம்மா வாயைத் திறந்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

அது கண்டாவளை ஏரம்பு ஐயாவின் செத்தவீட்டில் அவள் வைத்த ஒப்பாரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து, செத்தவர் என்ன விதைத்தார், எதை ஆசையாகத் தின்றார், யாரோடு கோபம் என்றெல்லாம் பெண்களிடம் கேட்டு அறிந்த பிறகுதான் அவள் வாய் திறப்பாள். ஆளை அறியாமல் அழக் கூடாது என்பது அவள் முறை. ஏரம்பு ஐயாவிடம் இரண்டு உழவு மெசினும் ஓர் அரிசி ஆலையும் இருந்தன. அவற்றைச் சொல்லி அழுதாள். செல்வராசா அன்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதைப் பதிந்துகொண்டார்.

பிறகு அது கடைக்கு வந்தது. அட்டையில் யாரோ ஒரு வடிவான பெண் அழுதுகொண்டிருந்தாள். பிரதி எடுப்போர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று கீழே சிவப்பில் அச்சடித்திருந்தது.

அதோடு செத்தவீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. கசெற் வெற்றிலை கேட்காது. பந்தியில் உட்காராது. கடைசி பஸ் போய்விடும் என்று பாதியில் எழும்பாது.

கொக்கிளாயில் கடலோடு போனவனுக்கும் அது உழவு மெசினைச் சொல்லி அழுதது. பூவரசங்குளத்தில் ஒரு வாத்தியாருக்கு அரிசி ஆலையைச் சொல்லி அழுதது. ஆரம்பத்தில் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. போகப் போக, மெசின் வருகிற இடத்தில்தான் எல்லாருக்கும் கண்ணீர் வந்தது.

இதற்குள் வவுனியாவில் சிற்றம்பலம் என்றொருவர் அந்தக் கசெற்றைப் பிரதி எடுத்து விற்கத் தொடங்கினார். செல்வராசா கொதித்துப்போய் வழக்குப் போட்டார். சாட்சிக்கென்று பேச்சியம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்தவன் உழைப்பைக் களவெடுக்கிறவன் உருப்பட மாட்டான் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த அழுகை யாருடையது என்று இரண்டு கறுப்புக் கோட்டுகள் மத்தியானம் வரை வாதாடின. அவளைக் கூப்பிடவே இல்லை. பிறகு முதலாளிமார் இருவரும் வெளியே வந்து, பிளேன்ரீ குடித்தபடி சமாதானமானார்கள். கிளிநொச்சிச் சாவெல்லாம் ஒருவருக்கு, வவுனியாச் சாவெல்லாம் மற்றவருக்கு. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அவளுக்கும் ஒரு கசெற் கொடுத்தார்கள். போட்டுக் கேட்க அவளிடம் பெட்டி இல்லை.

மாயாண்டி சிரித்தது அதற்கு அடுத்த நாள் காலையில்.

இப்போது லவுட்ஸ்பீக்கர், ஏரம்பு ஐயாவே, உங்க மெசின் ரெண்டும் ஒத்தையில நிக்குதய்யா என்றது. வந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, வழக்கமான இடத்தில் வழக்கம்போல் குலுங்கினார்கள். மாயாண்டியிடம் சொந்தமாக ஒரு மாட்டுக்கன்றுகூட இருந்ததில்லை. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்வது வழக்கமும் இல்லை. ஆகையால் அந்த முற்றத்தில் கேட்ட ஒரே பெயர் ஏரம்பு.

அவள் தன் ஆளுக்கென்று ஒப்பாரியில் ஒரு அடி எடுத்தாள். மேலேயிருந்து வந்த சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. இன்னொருமுறை எடுத்தாள். பக்கத்து வீட்டு ராக்காயி பரிவோடு அவள் முதுகைத் தடவினாள்.

"நீ ஏன்டி தொண்டையக் கெடுத்துக்கிற? அதான் ஒஞ் சத்தம் மேல கேக்குதுல்ல."

பேச்சியம்மா செல்வராசாவைத் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். அவர் நிறுத்தினார். பந்தல் அப்படியே அடங்கிப்போனது.

செல்வராசாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கசெற்றை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டார். மைக்கைக் கொண்டுவந்து பிரேதத்தின் தலைமாட்டில் நிறுத்தி, சிவப்புப் பொத்தானை அமத்தினார். பிறகு குனிந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"அக்கா, கொஞ்சம் சத்தமாய் அழுங்கோ. மற்றப் பக்கம் சும்மா கிடக்கு."

அவள் மைக்கைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

முந்தானையை இழுத்துத் தன் தலையையும் அவன் தலையையும் சேர்த்து மூடினாள். அவன் காதோடு வாயை வைத்தாள். சீலைக்குள் அவள் தலை அசைந்தது மட்டும் வெளியே தெரிந்தது. செல்வராசா மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பாடை தூக்கும் வரை அவள் முகத்தை எடுக்கவில்லை.

ஊருக்கெல்லாம் அழுதவளுக்குத் தன் புருஷனுக்கு அழ ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் போய்விட்டதே என்று சனம் கதைத்தது.

செல்வராசா அந்தக் கசெற்றை அப்படியே பிரதி எடுத்து விற்றார்.

மற்றப் பக்கத்தைப் போட்டால், இன்றைக்கும் காகம் கரைவது மட்டும்தான் கேட்கிறது.