பின்னுக்குப் போகும் வேலி

வேலி திரும்பவும் நகர்ந்திருந்தது. போன வாரம்வரை மஹ்றூபின் முருங்கை மரத்தை உரசிக்கொண்டு நின்ற தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில், இன்று மாலை அவனுடைய ஆடு கால் நீட்டிப் படுத்திருந்தது.

வேலியைத் தள்ளித் தள்ளி அடுத்தவன் காணியைப் பிடிப்பது தண்ணீரூற்றுக் கிராமத்தில் புதினமில்லை. ஆனால் இந்த வேலி மஹ்றூபின் வளவுக்குள் வரவில்லை. அதைப் போட்ட அடுத்த வீட்டு யோசெப்பின் வளவுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தன் காணியைத் தானே குறைக்கிறவனும் உண்டா?

"கைருன், இதில ஏதோ சூது இருக்கு."

பள்ளிவாசலடிக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் கானைச் சுமந்து வந்த அவன் மனைவி கைருன்னிஸா, அதைக் குசினி வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "வேலி அங்கால போனா உங்களுக்கென்ன நட்டம்?"

"நட்டம் பிறகுதான் தெரியும். நாளைக்கு விதானையாரைக் கூட்டியந்து, புத்தளத்தால வந்தவன் என்ர காணியைப் பிடிச்சிட்டான் எண்டு காட்டினா? நாங்கள் வந்து ஒரு வருசம் ஆகேல்ல. அந்தப் பேரோட இந்த ஊரில இருக்கேலுமோ? இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது."

போர் ஓய்ந்து பாதை திறந்து, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து அவர்கள் ஊர் திரும்பிய கையோடு தொடங்கிய சண்டை இது. யோசெப் துருப்பிடித்த கூரைத் தகரம், யூரியாப் பை, கிழிந்த வலை என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டு எல்லையை அடைத்திருந்தான். "இது வேலியோ, கடற்கரைக் குப்பையோ?" என்று மஹ்றூப் கேட்டான். "வடிவு பாக்க வேணுமெண்டால் கண்ணாடியைப் பாருங்கோ, காக்கா" என்றான் யோசெப், அண்ணன் என்ற மரியாதையைக் கைவிடாமலே. அன்றே மஹ்றூப் வீட்டில் கட்டளை போட்டான். தங்கள் கிணறு தூர்ந்து கிடந்தாலும் சரி, யோசெப் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளிகூட அள்ளக் கூடாது.

"இல்லாட்டி," மஹ்றூபுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது, "நிலத்துக்குக் கீழ ஏதும் கிடக்குதோ? மிதிவெடியைக் கண்டுபோட்டு, சத்தமில்லாமல் அந்தத் துண்டை எங்கட பக்கம் தள்ளிவிடுறானோ?"

"ஆடு காலமையிலயிருந்து அதிலதான் கிடக்கு" என்றாள் கைருன்னிஸா. "அதுக்கு ஒண்டும் ஆகேல்ல."

மஹ்றூப் அப்படியும் கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்றே குரல் கொடுத்தான். "யோசெப்பு! இஞ்ச ஒருக்கா வா."

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த யோசெப் எழுந்து வந்து தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலும் அதே சந்தேகம்தான் இருந்தது. "நானே உங்களைக் கேக்க இருந்தனான். என்ர வளவு நாளுக்கு நாள் சிறுக்குது. ஏன் காக்கா வேலியைத் தள்ளுறியள்?"

"நானோ? நான் விடிஞ்சாப் போய்க் கடை திறக்கிறவன். நீதான் தள்ளிப்போட்டு என்னில பழி போடப் பாக்கிறாய்."

"நான் பகல் முழுக்க நந்திக்கடலில நிக்கிறன். எனக்கு இதுக்கு எங்க நேரம்?" யோசெப் குனிந்து தகரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். திடீரென்று அவன் குரல் தணிந்தது. "காக்கா, கிட்ட வந்து இந்தக் கட்டைப் பாருங்கோ. நான் கட்டினது கம்பியால. என்ர பக்கம் நிண்டே முறுக்கிவிட்டனான். இது தும்புக் கயிறு."

மஹ்றூப் மிதிவெடியை மறந்து கிட்ட வந்தான். நகர்ந்த பகுதி முழுவதும் தும்புக் கயிற்றால் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தது. குத்தூசிக் கட்டு.

குத்தூசி என்பது நுனியில் துளையுள்ள நீண்ட தடி. ஒருவர் அதில் கயிற்றைக் கோத்து வேலிக்கூடாகக் குத்துவார். மறுபக்கம் நிற்பவர் கயிற்றை வாங்கி, குறுக்குத் தடியைச் சுற்றி எடுத்து, திரும்ப ஊசியில் கோத்துவிடுவார். இந்தப் பக்கத்தவர் அதை இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுவார். இப்படிக் கட்டினால்தான் காற்றுக்கு அசையாது. தனி ஆள் கட்டுவதென்றால் ஒவ்வொரு கட்டுக்கும் றோட்டைச் சுற்றி மற்ற வளவுக்குள் ஓடிவர வேண்டும்.

மஹ்றூப் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தான். இறுகியிருந்தது.

"அப்ப ரெண்டு பேர் சேந்து செய்த வேலை" என்றான் மஹ்றூப்.

"ஓம். ஒராள் என்ர பக்கம்."

"மற்றாள்..." என்று இழுத்தான் மஹ்றூப்.

யோசெப்புக்குப் பின்னால், வேலியோடு ஒட்டினாற்போல் இருந்த கிணற்றடியில், அவன் மனைவி புனிதமலர் நின்றாள். வாளியை இழுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, இவர்களைப் பார்க்காமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

மஹ்றூப் மெல்லத் திரும்பினான். அவனுடைய குசினிக் கூரையில் குத்தூசி ஒன்று செருகியிருந்தது. நுனியில் தும்புக் கயிறு தொங்கியது.

அதற்குக் கீழே, கையில் வெறும் வாளியோடு நின்ற கைருன்னிஸா சொன்னாள்:

"அவையின்ர கிணத்தில அள்ளக் கூடாதெண்டுதானே சொன்னனீங்கள்? வேலி இன்னும் ஒரு முழம் அங்கால போனா, அது ரெண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு."