மோதல் இல்லாத வெள்ளிக்கிழமைகள்

“இடிச்சா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. செத்துப்போவோம். அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து.”

“அப்ப எனக்கு வேணாம் இந்த விளையாட்டு.”

அவன் சிரித்தான். அவள் கையிலிருந்து மவுஸை வாங்கி, அந்த விண்கல விளையாட்டின் அமைப்புப் பட்டியலைத் திறந்தான். அதில் ‘மோதல்’ என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டான்.

“இனிமே நீ எதுல போய் விழுந்தாலும் படாது. போதுமா வாசுகி?”

அது, அவள் கணவன் வேலைக்காகக் கத்தாருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். பெட்டிகூடக் கட்டி முடிக்கவில்லை. பெரிய கணினியை அவளுக்கு விட்டுவிட்டு, பழைய லேப்டாப்பைத் தான் எடுத்துக்கொண்டான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமைதோறும் இந்த விளையாட்டின் வானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

ஆறு வருடம் ஆகிவிட்டது.

இன்றும் வெள்ளிக்கிழமை. மணி நாலு. டியூஷன் பிள்ளைகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

ஹெட்போனில் அவனுடைய அறை கேட்டது. யாரோ குக்கர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது விசில்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது அவன்.

விளையாட்டிலும் எல்லாம் நிஜம்போலவே இருக்க வேண்டும் என்கிற ஆள். வானத்தில் காற்றே இல்லை, சத்தம் எப்படிக் கேட்கும் என்று இரண்டு பக்கத்திலும் விளையாட்டின் சத்தத்தை நிறுத்தி வைத்தவன். எரிபொருள் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று, இரண்டு வெள்ளிக்கிழமைகள் சனிக் கிரகத்தைச் சும்மா சுற்றிக்கொண்டு கிடந்தவன்.

அவளுக்காக இந்த ஒரு பொய்யை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

அதனால் இருவருடைய கலங்களும் எப்போதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, புகையைப் போல மறுபக்கம் வெளியேறின. வந்ததும் முழு வேகத்தில் அவளுக்குள் ஒரு தடவை புகுந்து போவான். கட்டிப்பிடிச்சாச்சு என்பான். அவளும் சிரிப்பாள்.

எதுவும் பட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை, பேச்சோடு பேச்சாக, ஒப்பந்தம் முடிகிறது என்றான். இன்னும் இரண்டு வருடத்துக்குப் போடட்டுமா என்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து.

இதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். இரண்டு தடவையும் உங்கள் இஷ்டம் என்றாள். குரல்கூட மாறாமல்தான் சொன்னாள்.

போன வாரமும் அதையேதான் சொன்னாள்.

அன்று அவன் விளையாட்டை மூடிவிட்டுப் போன பிறகு, அந்தப் பட்டியலைத் தேடித் திறந்தாள்.

விளையாட்டு ஓடுவது அவளுடைய கணினியில். இங்கே வைப்பதுதான் அங்கேயும்.

டிக் போட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து பகலெல்லாம் தனியாகப் பழகினாள். வானத்தில் பிரேக் கிடையாது. முன்னால் தள்ளிய அளவுக்குப் பின்னாலும் தள்ளினால்தான் நிற்கும். தினமும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற கணக்குதான். ஆனாலும் நாற்பத்தொரு தடவை செத்தாள்.

நாற்பத்திரண்டாவது தடவை, ஆளில்லாத விண்வெளி நிலையம் ஒன்றின் மேல், பூ வைப்பதுபோல் போய்ச் சேர்ந்தாள்.

அவனிடம் சொல்லவில்லை. இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வெள்ளைப் புள்ளி பெரிதாகிவிட்டது.

வழக்கம்போல முழு வேகத்தில் வந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். நேரமில்லை.

இரண்டு கலங்களும் சத்தமே இல்லாமல் சிதறின. ஒரு தகடு, மெல்லச் சுழன்றுகொண்டே, அவள் திரையைத் தாண்டிப் போனது.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. என்ன ஆச்சு, விளையாட்டில் கோளாறா என்று கேட்டான். கோளாறு இல்லை, டிக்கைத் தான்தான் போட்டதாக அவள் சொன்னாள். ஏன் என்றான்.

இடித்தால் ஒன்றும் ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடியும் இழுபட்டது.

பிறகு, மறுபடியும் முதலிலிருந்து.

இந்த முறை அவன் மெதுவாக வந்தான். மூக்குக்கு நேர் மூக்கு. எறும்பின் வேகம். அதற்கு மேல் போனால் உடையும் என்று அவனுக்கும் தெரியும், இப்போது அவளுக்கும் தெரியும்.

பதினோரு மீட்டர்.

அங்கே குக்கர் அடங்கிவிட்டிருந்தது.

ஆறு மீட்டர். அவனுடைய கலம் லேசாகச் சாய்ந்தது. அவன் திருத்துவதற்கு முன்பே அவள் தன் கலத்தை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. இவ்வளவு தூரம் எப்போது பழகினாள் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு.

ஒன்று.

திரை ஒரு நூல் அளவுக்கு ஆடி நின்றது.

ஓரத்தில், உடையாமல் சேர்ந்ததற்கு அடையாளமாக, ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இந்த விளையாட்டில் இப்படி ஒரு விளக்கு இருப்பதே அவளுக்குத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் தெரியும். அவன் இதை ஆறு வருடமாகப் பார்த்திருக்க மாட்டான்.

“பட்டுருச்சு,” என்றான்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடாதீங்க,” என்றாள். “வீட்டுக்கு வந்துருங்க.”