வீட்டு நேர்காணல்

மருத்துவக் கல்லூரி நேர்காணல் இப்போதெல்லாம் வீட்டிலேயே நடக்கிறது. கேள்வி கேட்க யாரும் வருவதில்லை. ஹால் சுவரில் ஒரு சின்ன கேமராவை மாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டு மனிதர்களிடம் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று அது ஒரு மாதம் பார்த்து மார்க் போடும்.

இன்று மகிழினிக்குக் கடைசி நாள். சாயங்காலம் கேமராவின் பச்சை விளக்கு அணைந்துவிடும். அதுவரை அப்பா டிவி போடுவதாக இல்லை. அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

பக்கவாதம் வந்து ஹால் கட்டிலிலேயே கிடக்கும் அத்தைக்கு மகிழினி கஞ்சி ஊட்டினாள். ஒரு சொட்டு அத்தையின் கழுத்தில் விழுந்தது. பதறிப்போய்த் துடைத்தாள். அந்த நேரத்தில் கேமராவைப் பார்க்கவே கூடாது என்று கோச்சிங்கில் சொல்லியிருந்தார்கள்.

"சீட் கிடைச்சிடுமாடி?" என்றாள் அத்தை குழறலாக.

"கிடைக்கணும் அத்தை. எனக்காக வேண்டிக்கோங்க."

"வேண்டிக்கிட்டேன். கிடைக்கக் கூடாதுன்னு."

சமையலறை வாசலில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"கிடைக்கலேன்னா அடுத்த வருஷமும் இதை மாட்டுவாங்கல்ல? இந்த ஒரு மாசமாத்தான்டி எனக்குக் கஞ்சி சூடா வருது."

மகிழினி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இனிமேலும் நான்தான் ஊட்டுவேன் அத்தை. சத்தியமா."

அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் எரியும் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அணையட்டும்டி. அப்புறம் இதையே இன்னொரு வாட்டி சொல்லு."