உண்டியலும் கையுமாக

"சத்தமா சொல்லுங்க. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா யாருக்குக் கேட்கும்?"

சூப்பர் மார்க்கெட் வாசலில் அந்த அம்மாள் அதட்ட, உண்டியலும் கையுமாக நின்ற பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரிய வகைப் புற்றுநோயை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்குது. உங்களால முடிஞ்சதைப் போடுங்க."

போட்டவர்கள் கொஞ்சம். கண்டும் காணாமல் போனவர்கள்தான் அதிகம். பெரியவர் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தார்.

"சாயாதீங்க. அதோ நாலு பேர் வர்றாங்க பாருங்க."

உள்ளே இருந்து பார்த்த மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனை இப்படியா ஒருத்தி ஆட்டி வைப்பாள்? பில் போடும் பெண் வேறு தன் பங்குக்குத் தூபம் போட்டாள்.

"வாரா வாரம் இதே கூத்துதான் சார். நல்ல காரியம்தான். அதுக்காக வயசான மனுஷனை இந்தப் பாடு படுத்தணுமா?"

மேனேஜர் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"அம்மா, அடுத்த வாரத்துலேர்ந்து இங்க நிக்க வேண்டாம். பார்க்கிறவங்க முகம் சுளிக்கிறாங்க."

"வேற எங்கயும் இவ்வளவு கூட்டம் வராது தம்பி. இந்த நோய்க்கு ஒரு டெஸ்ட் வர்ற வரைக்கும் நாங்க நின்னுதான் ஆகணும். நீங்க விடலைன்னா ரோட்டுல நிப்போம்."

சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டப் போய்விட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

மேனேஜர் பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மாவுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா ஐயா?"

"அவங்க என் வீட்டம்மா இல்ல சார். அவங்க வீட்டுக்காரரைத்தான் இந்த நோய் கொண்டுபோச்சு."

"அப்ப நீங்க?"

"வயித்து வலின்னு அவர் வந்தப்பல்லாம், வெறும் கேஸ் ட்ரபிள்தான்னு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பின டாக்டர்."

மேனேஜருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஓகோ, அந்தக் கோபத்தைத்தான் இப்படித் தீர்த்துக்கறாங்களா?"

பெரியவர் இல்லையென்று தலையாட்டினார்.

"யார் முகத்துலயும் முழிக்க முடியாம, கிளினிக்கைப் பூட்டிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தேன். 'கண்டுபிடிக்க டெஸ்டே இல்லாத நோய்க்கு நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்? எழுந்து வாங்க, அந்த டெஸ்டை வரவழைப்போம்'னு கதவைத் தட்டினது அவங்க ஒருத்தங்கதான் சார்."