ஏழாவது வகை

"இது எனக்கு!" என்று சொல்லி, பிஸ்கட் தட்டை அப்படியே தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் துரீட். தூக்கிய வேகத்தில் ஒரு பிஸ்கட் உருண்டு சோபா இடுக்கில் விழுந்தது.

சம்பந்தியாகப் போகும் ஆஸ்லாவின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

போர்கில்டுக்கு முகம் பற்றி எரிந்தது. மகன் மணக்கப்போகும் பெண்ணின் தாய், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கிறாள். மேஜையில் ஏழு வகை பிஸ்கட். அந்த ஃபியோர்டுக் கடற்கரை ஊரில் ஒரு குடும்பத்தின் மானம் அந்த ஏழில்தான் இருந்தது. ஆறோடு நிறுத்தினால் சோம்பேறி. கடையில் வாங்கினால் அதைவிடக் கேவலம். போர்கில்ட் ஏழையும் தன் கையால் சுடுகிறவள். அத்தனையும் சுத்த வெண்ணெய்.

பக்கத்து வீட்டுத் துரீட் கடையில் வாங்குகிறவள். பண்டிகை நாளில் விட்டுவிடக் கூடாதே என்று அவளையும் அழைத்திருந்தாள்.

"மத்த ஆறு தட்டும் உன் எதிர்லேயேதானே இருக்கு?" என்றாள் போர்கில்ட், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

"அதை எல்லாம் நீங்க சாப்பிடுங்க. இந்த செரினா பிஸ்கட்டுன்னா எனக்கு உசிருடி."

உயிர்தான் போலும். சற்றுமுன் முதல் ஆளாக ஒன்றை எடுத்து வாயில் போட்டவள், கண்ணில் நீர் வர, சூடு பாராமல் ஒரு கோப்பைக் காப்பியையும் ஒரே மூச்சில் குடித்திருந்தாள். இப்போது கைக்குட்டையை விரித்து, தட்டிலிருந்ததை எல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் துரீட், உங்க வீட்டு அடுப்பு உன்கிட்ட கோவிச்சுக்கிட்டுதா?" என்றாள் போர்கில்ட்.

ஆஸ்லாவ் வாய்விட்டுச் சிரித்தாள். துரீட்டும் சிரித்தாள், காதுமடல் மட்டும் சிவந்துபோயிற்று.

போர்கில்ட் சமையலறைக்குப் போனாள். துரீட் பின்னாலேயே வந்தாள்.

"டப்பாவில மிச்சம் இருக்குமே, அதையும் குடுத்துடு."

"என்னடி இது, என் மானத்தை வாங்கவே வந்தியா?"

துரீட் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காலிக் கோப்பைகளோடு ஆஸ்லாவ் வாசலில் வந்து நின்றாள். துரீட் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த டப்பா, சம்பந்திக்கென்றே தனியாக எடுத்து வைத்தது. சுட்ட அன்று மூடி ஒட்டியதை இன்றுதான் பிரித்தாள். பண்டிகைக்குச் சுட்டதைச் சுட்டவளே ஆனாலும் முன்கூட்டி ருசி பார்ப்பதில்லை. போர்கில்டின் தாய் வீட்டிலிருந்து வந்த கட்டுப்பாடு அது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

டப்பாவைத் துரீட்டின் கையில் திணித்தாள். ஆஸ்லாவின் காதில் விழவேண்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. இனிமே நான் கூப்பிடாம இந்தப் படி ஏறாதே."

துரீட் டப்பாவைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டாள். "சரி, போர்கில்ட்" என்றாள். பனியில் இறங்கிப் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ஆஸ்லாவும் விடைபெற்றாள்.

"ஆறு வகையும் அருமை, சம்பந்தியம்மா. ஏழாவதைத்தான் பாக்கக் குடுத்து வைக்கலே. விருந்தாளி ஒண்ணும் சாப்பிடாம போனா வீட்டுக் கிறிஸ்துமஸ் கூடவே போயிடும்னு சொல்லுவாங்க. உங்க பக்கத்து வீட்டுக்காரி சாப்பிட்டும் கிறிஸ்துமஸையே டப்பாவோட தூக்கிட்டுப் போயிட்டாளே!"

போர்கில்டும் சேர்ந்து சிரித்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, கணவன் ஹால்வார் சோபா இடுக்கில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அவ கையிலேர்ந்து ஒண்ணு தப்பிச்சிருக்கு, பாரு."

பொன்னிறம். மேலே பாதாம் துருவல், பொடிக் கற்கண்டு. ஒரு குறையும் இல்லை. போர்கில்ட் ஒரு ஓரத்தைக் கடித்தாள்.

நெடி மூக்கில் ஏறி உச்சந்தலையில் அடித்தது. நாக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மான்கொம்பு உப்பு.

மாவை உப்பவைக்க அதைத்தான் போடுவார்கள். வேகும்போது கொட்டில் நாற்றம் அடிக்கும். வெந்து ஆறியதும் போய்விடும். அளவு மீறினால் மட்டும் போகாது. அன்று அதைப் போட்ட கையோடு மகன் போனில் கூப்பிட்டான்: 'அம்மா, அவங்க அம்மா உன்னைப் பாக்க வராங்க.' பேசிவிட்டு வந்த பரபரப்பில் இன்னொரு முறையும் போட்டிருக்கிறாள். வருஷா வருஷம் வீசுகிற நெடிதானே என்று இருந்துவிட்டாள்.

துரீட் கண்ணீரோடு குடித்த அந்தக் காப்பி நினைவுக்கு வந்தது. வாயெடுத்து, ஆஸ்லாவைப் பார்த்து, மூடிக்கொண்ட அந்த வாயும்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி நிக்கறே?" என்றார் ஹால்வார்.

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ஆஸ்லாவ்தான்.

"கையுறையை மறந்துட்டேன்." எடுத்து மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த மாதிரி ஆளை எல்லாம் எப்படி வீட்டுக்குள்ளே சேக்கறீங்க? மனுஷின்னா வெக்கம்னு ஒண்ணு வேண்டாமா?"

'என்ன செய்யறது, அக்கம்பக்கம் ஆச்சே' என்ற பதில் போர்கில்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நாக்கு இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த பிஸ்கட்டின் கடிக்காத பக்கத்தை ஒடித்தாள்.

"வேணும்தான், சம்பந்தியம்மா," என்று அதை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க. வெக்கம் யாருக்கு வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."